சந்தையில் வாங்கும்போது: உங்கள் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சந்தையைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

நான் வடை வாங்கும் அக்கா எப்போதும் கையுறை போட்டிருப்பார். ஆனால் அந்தக் கையாலேயே காசும் வாங்குகிறார். சொன்னால் கோபித்துக்கொள்வாரோ?

கையுறையைப் பார்த்ததும் நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. சிக்கலே அங்கேதான். வெறுங்கையில் மாவு ஒட்டினால் பிசுபிசுக்கும், கழுவத் தோன்றும். கையுறைக்குள் இருக்கும் கைக்கு ஒன்றும் தெரியாது. ஐந்து வெள்ளி நோட்டு, மேசைத் துணி, நெற்றி வியர்வை, அடுத்தது உங்கள் வடை! மாற்றாத கையுறைக்கு, சோப்புப் போட்டுக் கழுவிய வெறுங்கை எவ்வளவோ மேல். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் மட்டும் கட்டுப் போட்டு, அதன்மேல் கையுறை அவசியம். காயத்திலிருந்து வரும் ஸ்டேஃபிலோகாக்கஸ் கிருமி உணவில் விடும் நச்சு, சூடுபடுத்தினாலும் போகாது.

தட்டில் ஓர் இடுக்கி, காசுக்கு ஒரு டப்பா இருந்தால் போதும். "அக்கா, காசை டப்பாவில் போட்டுட்டு மீதியையும் நானே எடுத்துக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கோபிக்க மாட்டார்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கட்டிய நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு). பத்து மணிக்குச் சாப்பிடலாமா? மணம் நன்றாகத்தான் இருக்கிறது.

வேண்டாம். மணத்தை நம்பாதீர்கள். சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிக்குக் கொண்டாட்டம். சூட்டோடு கட்டிக் குவித்த பொட்டலங்கள் நடுவில் வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். சோற்றில் வரும் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியில் சாகாது. அது சோற்றில் விடும் வாந்தி நச்சும் மறுபடி சூடாக்கினால் அழியாது. வியாபாரிகள் சமைத்த நேரத்தைப் பொட்டலத்தில் எழுதி ஒட்டலாமே, ஒரு பேனா செலவுதானே.

அம்மா வீட்டில் பலகாரம் செய்து சந்தையில் விற்கிறார். டைபாய்டு ஊசி கட்டாயமா?

ஆமாம். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைப்படி, உணவைக் கையாள்பவர் அதற்கான பயிற்சிக்கும் போக வேண்டும், ஊசியும் போட வேண்டும். ஊசியை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கூட்ட நேரத்தில் உதவிக்கு நிற்கும் அண்ணன் மகனுக்கும் சேர்த்துத்தான். டைபாய்டு கிருமி சிலர் உடம்பில் காய்ச்சலே இல்லாமல் தங்கியிருக்கும், அவருக்கே தெரியாது.

கோழியும் கீரையும் ஒரே பையில் போட்டுத் தருகிறார்கள்.

தனிப் பை கேளுங்கள். கோழித் தண்ணீர் கீரையில் சொட்டக் கூடாது. வீட்டில் கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவுவதையும் விடுங்கள். அந்தத் தெறிப்பில்தான் கிருமி சிங்க் முழுக்கப் பரவுகிறது.

தோட்டத்து மாட்டுப் பால் வாங்குகிறோம். காய்ச்சினால் சத்துப் போகுமாமே?

கொஞ்சம் வைட்டமின் குறையும், அவ்வளவுதான். காய்ச்சாத பாலில் புருசெல்லோசிஸ் (மாட்டிடமிருந்து தொற்றும் ஒரு காய்ச்சல் நோய்), காசநோய்க் கிருமிகள் வரலாம். அதனால் பொங்கவிட்டே குடியுங்கள். எனக்குப் பாலைவிட, அதை ஊற்றித் தரும் பழைய மினரல் தண்ணீர் பாட்டில்தான் கவலை. குறுகிய கழுத்துக்குள் பிரஷ் போகாது, அடியில் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். நீங்களே மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்று கொண்டுபோங்கள்.