வயதான குதிரையை வெளியூர் வியாபாரிக்கு விற்கலாமா?

கேள்வி: அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய பெண்குதிரைக்கு 22 வயது ஆகிறது. வண்டியில் பூட்டுவதை நிறுத்திவிட்டோம். உடம்பு வற்றிப்போய், முன்னங்காலை நொண்டுகிறது. வெளியூர் வியாபாரி விலை கேட்கிறார். கறிக்குப் போய்விடுமோ என்று வீட்டில் பயம். அமெரிக்காவில் கறிக்கு வெட்டுவதை நிறுத்தியதால் குதிரைகள் இன்னும் சீரழிந்தன என்கிறார் மைத்துனர். கடைசியாக ஒரு குட்டி எடுத்துவிட்டு விற்கலாமா? – விவசாயி, பவானி வட்டம்.

பதில்: விற்க வேண்டாம் ஐயா. குட்டியும் வேண்டாம், இந்த வயதிலும் இந்த உடம்பிலும் சினை அவள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நம் உணவுப் பாதுகாப்பு விதிகளில் இறைச்சிக்கான விலங்குகளில் குதிரை சேராது. அதனால் எங்கே வெட்டினாலும் திருட்டுத்தனமாகத்தான் வெட்டுவார்கள். மருத்துவர் பரிசோதனையும் இருக்காது. நொண்டலுக்குப் போடும் பினைல்பியூட்டசோன் ஊசி, கறி தின்னும் மனிதருக்கும் கெடுதல்.

மைத்துனர் சொன்னதில் உண்மை உண்டு. 2007-இல் அமெரிக்காவின் கடைசி மூன்று குதிரை இறைச்சிக்கூடங்களும் மூடப்பட்டன. ஆனால் குதிரைகள் லாரியேறி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் போயின. 2010-இல் மட்டும் சுமார் 1,38,000. மூடுவதற்கு முந்தைய ஆண்டு வெட்டுக்குப் போன மொத்த அளவுக்கு ஏறக்குறையச் சமம். இதைக் காட்டித்தான் அங்கே சிலர் இறைச்சிக்கூடங்களை மறுபடி திறக்கச் சொன்னார்கள். எனக்கு அது சம்மதமில்லை. எல்லை தாண்டும் லாரிகளைத் தடுக்கவில்லை, வேலை ஓய்ந்த குதிரைக்கு ஒரு வழியும் செய்யவில்லை. கோளாறு அங்கேதான்.

உங்கள் குதிரைக்கு வருவோம். முதலில் தீவனத்தொட்டிக்குக் கீழே பாருங்கள். பாதி மென்று உருண்டையாகத் துப்பிய சோளத்தட்டு கிடக்கிறதா? சாணத்தில் முழுக் கொள்ளு தெரிகிறதா? தெரிந்தால் பல்தான் காரணம். கடைவாய்ப்பல் ஏறுக்குமாறாகத் தேய்ந்து ஓரம் கூர்மையாகி கன்னத்தைக் கிழிக்கும். கால்நடை மருத்துவரை அழைத்து அரம் போட்டுச் சமப்படுத்தச் சொல்லுங்கள். குடற்புழு மருந்தையும் அவரிடமே கேளுங்கள். பிறகு கொள்ளை ஊறவைத்து வேகவைத்து மசித்து, நனைத்த தவிட்டோடு சிறிது சிறிதாக நாலைந்து வேளை கொடுங்கள். உலர்ந்த தவிடு தொண்டையில் அடைக்கும். மாட்டுத் தீவன மூட்டையை மட்டும் அவிழ்க்காதீர்கள். சிலவற்றில் கலக்கும் மொனென்சின் என்ற மருந்து குதிரைக்கு விஷம். குளம்பு தொட்டால் சுடுகிறதா, முன்னங்கால்களை நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறாளா என்றும் கவனியுங்கள். அப்படி நின்றால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

பல்லும் தீவனமும் சரியானால் பல குதிரைகள் தேறும். தேறாமல், படுத்தால் எழ முடியாமல், வலியிலேயே கிடந்தால் மருத்துவரிடம் சொல்லி ஊசி போட்டு அமைதியாக முடித்துவிடுங்கள். அது பாவமில்லை, முகம் தெரியாத லாரியில் ஏற்றுவதுதான் பாவம். ரோட்டில் அவிழ்த்துவிட்டுப் பட்டினி போடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 50 ரூபாய்க்கு மேல் இல்லை என்பதால்தான் பலர் துணிகிறார்கள்.

ஊசி போட்ட உடலை வெளியே இழுத்துப் போடாதீர்கள். மோயாற்றுப் பக்கம் எஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகள் இத்தகைய மருந்தேறிய பிணங்களைத் தின்றால் சாகும். கிணற்றுக்கு எட்டத்தில், பொக்லைன் வைத்து ஆழமாகக் குழிவெட்டி, நாய் தோண்டாதபடி மூடுங்கள்.