சவரக்கத்தியின் வாயில் விழுந்த சிறு பல்: கல்லில் வைப்பதற்கு முன்

வணக்கம். தாத்தாவின் சோலிங்கன் (ஜெர்மனியின் கத்தித் தொழில் நகரம்) சவரக்கத்தியில் அலகின் நடுவே சிறு பல் விழுந்திருப்பதாகவும், அதாவது கூர்விளிம்பு சிறிது உடைந்து பள்ளமாகியிருப்பதாகவும், உடனே தீட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இன்றே கல்லில் வைத்துவிடாதீர்கள்.

முதலில் எண்ணெயையும் அழுக்கையும் துடைத்துவிட்டு, விளக்கொளி பக்கவாட்டில் விழும்படி பிடித்து, பல்லின் அடியிலிருந்து முதுகை (கூர்விளிம்புக்கு எதிரே உள்ள தடித்த பக்கத்தை) நோக்கி மயிரிழை போன்ற விரிசல் ஏதேனும் ஏறுகிறதா என்று 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே இருபுறமும் பாருங்கள். உள்குழிவாகச் சாணை பிடித்த அலகு மிக மெல்லியது; விரிசல் விட்ட கத்தியை முகத்தருகே கொண்டுசெல்வது ஆபத்து என்பதால், அதை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்வதே சரி. பல்லைச் சுற்றிக் கருந்துருக் குழிகள் தெரிந்தாலும் எச்சரிக்கை தேவை. தீட்டத் தீட்ட அங்கே புதிது புதிதாகப் பல் விழக்கூடும்.

விரிசல் இல்லையெனில் ஆழத்தைக் கவனியுங்கள். விளிம்பையொட்டி மின்னும் சரிவுப் பட்டைக்குள்ளேயே பல் முடிந்துவிட்டால், பெரும்பாலும் 1000 எண் (கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) தீட்டுக்கல்லே போதும். அதைத் தாண்டினால், அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விளிம்பு முழுவதையும் பல்லின் அடிமட்டம் வரை சீராக இறக்க வேண்டும். அப்போது முதுகும் சேர்ந்து தேயும் என்பதால் அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆழம் அரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், முதல்முறையாகத் தீட்டும் நீங்கள் அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதையே நான் விரும்புவேன்.