பதினோரு பேர், ஒரு வாரம், பெலீஸ்

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கும் நாங்கள் நாலு குடும்பம், மொத்தம் 11 பேர், மார்ச் விடுமுறையில் ஒரு வாரம் மத்திய அமெரிக்க நாடான பெலீஸ் போகலாம் என்று இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியாரும், ஆறு வயதுப் பையன் ஒருவனும் இதில் சேர்த்தி. கடலுக்குள் வட்டப் பள்ளமான ப்ளூ ஹோல், ஏ.டி.எம். (ஆக்துன் துனிச்சில் முக்னால்) குகை, எல்லை தாண்டி குவாத்தமாலாவில் மாயா இனத்தவரின் பழைய நகரமான டிக்கால், அப்புறம் ஒரு தீவு. எல்லாவற்றையும் எல்லோரும் சேர்ந்தே பார்த்துவிட முடியுமா?
– ஒரு வாசகி

பதில்: முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். தங்குவது ஒன்றாக, பகலில் அவரவர் வழி என்று புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை மிச்சம்.

முதலில் விசா. அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தால் கவலை இல்லை. மாமனார், மாமியார் மாதிரி இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு என்ன விதி என்று பெலீஸ் குடிவரவுத் துறையிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள்.

இரண்டே இடத்தில் தங்குங்கள். முதல் பாதி மேற்கே சான் இக்னாசியோ. விமான நிலையத்திலிருந்து வேனில் இரண்டு மணி நேரம். ஏ.டி.எம். குகைக்கு அங்கிருந்துதான் போக வேண்டும். காட்டில் நடந்து, ஆற்றைக் கடந்து, குகை வாசலில் நீந்தி உள்ளே போய், மாயர்கள் விட்டுப்போன பானைகளையும் எலும்புக்கூடுகளையும் அரையிருட்டில் பார்ப்பது; பெரியவர்களுக்கும் அந்தப் பையனுக்கும் சரிப்படாது. உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம், ஒரு வழிகாட்டிக்கு 8 பேர்தான். கேமராவும் போனும் கொண்டுபோகக் கூடாது, ஒரு சுற்றுலாப் பயணி கேமராவைத் தவறவிட்டு மண்டையோட்டை உடைத்ததால் 2012-லிருந்து தடை. மற்றவர்கள் அன்று பக்கத்திலேயே ஷுனான்துனிச் என்ற மாயர் இடிபாடுகளுக்குப் போகலாம். சுமார் 40 மீட்டர் உயரக் கோபுரத்தைக் கீழே புல்வெளியில் உட்கார்ந்து பார்த்தாலும் அழகுதான். டிக்காலை விடுங்கள், பெரிய இடம், மறுக்கவில்லை, ஆனால் இத்தனை பாஸ்போர்ட்டுகளோடு ஒரே நாளில் எல்லையை இரண்டு முறை தாண்டுவது வீண் அலைச்சல்.

மறு பாதி கீ காக்கர் தீவு. பெலீஸ் சிட்டியிலிருந்து படகில் முக்கால் மணி நேரம்தான், ஊருக்குள் கோல்ஃப் வண்டியும் சைக்கிளும்தான் ஓடும். நீண்ட மணல் கடற்கரையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அங்கிருந்து அரை நாளில் ஹோல் சான் கடல் சரணாலயத்துக்குப் போய் ஸ்நார்கல் செய்தால் (மூச்சுக்குழாயோடு நீந்தினால்) திருக்கையும் நர்ஸ் சுறாவும் பக்கத்திலேயே நீந்தும். ப்ளூ ஹோலுக்கு ஆடும் கடலில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். அனுபவமுள்ள டைவர் இல்லையென்றால் அங்கே பார்க்க அதிகம் இல்லை. படத்தில் பார்த்து மயங்கிய அந்த நீல வட்டம் ஆகாயத்திலிருந்துதான் தெரியும், காசு இருந்தால் சின்ன விமானத்தில் சுற்றிவிட்டு வாருங்கள்.

பணத்தை ஒருவரே கையாளட்டும். ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு பெலீஸ் டாலர், மாறாத விகிதம். இரண்டும் கடைகளில் செல்லும். விலை சொன்னதும் எந்த டாலர் என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மாமியார் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: தேங்காய்ப்பாலில் வேகவைத்த அரிசியும் சிவப்பு பீன்ஸும் எங்கும் கிடைக்கும். ஆனால் அதில் பன்றிவால் போட்டுச் சமைப்பதும் உண்டு, கேட்காமல் தட்டை வாங்காதீர்கள். பெலீஸில் ஆட்சிமொழி ஆங்கிலம்தான், அதனால் கேட்பதில் சிரமம் இல்லை. சமையலறை உள்ள வீடாகப் பிடித்து, ஒரு சின்ன குக்கரையும் எடுத்துப் போங்கள்.