9-ஆம் லெவல் வீரர்களை ஊர்மக்கள் எப்படி நடத்துவார்கள்?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நான்தான் நடத்துகிறேன். பகடை உருட்டி, கற்பனை வீரர்களாக நடித்து ஆடும் ஆட்டம் இது; ஊர்மக்கள், எதிரிகள் எல்லோரையும் நடத்துபவரே பேசி ஆட வேண்டும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள். ஃபைட்டர் (போர்வீரர்), விஸார்ட் (மந்திரவாதி), கிளெரிக் (பூசாரி), ரோக் (திருட்டுத் தந்திரக்காரர்) என்று நான்கு பேரும் இப்போது 9-ஆம் லெவல், அதாவது பலத்தில் ஒன்பதாம் படி. போன ஆட்டத்தில் அறுநூறு பேர் வாழும் ஒரு சின்ன ஊருக்குள் வந்தார்கள். சாப்பிட்டுவிட்டு விடுதிக்காரரிடம் காசு தர மாட்டோம் என்றார்கள். காவலர்கள் வந்தபோது ஃபைட்டர் ஆடுபவர், “இவங்களுக்கு மொத்தமா எத்தனை ஹிட் பாயிண்ட் இருக்கும்?” என்று, அதாவது எவ்வளவு அடி தாங்குவார்கள் என்று, என்னிடமே கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்து, காவலர்களையும் 9-ஆம் லெவல் ஆக்கிவிட்டேன். “இது அழுகுணி ஆட்டம்” என்று சொல்லி எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இவ்வளவு பலமுள்ளவர்களைச் சாதாரண ஊர்மக்கள் எப்படித்தான் நடத்துவார்கள்?

பதில்: முதலில் அந்தக் காவலர்களைப் பழையபடி ஆக்கிவிடுங்கள். உங்கள் நண்பர்கள் கோபித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. அறுநூறு பேர் இருக்கும் ஊரில் 9-ஆம் லெவல் காவலர்கள் வரிசையாக நிற்கிறார்கள் என்றால், அந்த ஊருக்கு எந்த அரக்கன் வந்தாலும் அவர்களே முடித்திருப்பார்கள். உங்கள் வீரர்களைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. பலம் இல்லாத ஊர், பலம் உள்ளவர்களிடம் எப்படிப் பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் உங்கள் கேள்வி. அதை மட்டும் பார்ப்போம்.

விதிநூலில் சாதாரண ஊர்வாசிக்கு 4 ஹிட் பாயிண்ட், காவலருக்கு 11. உங்கள் விஸார்டின் ஃபயர்பால், அதாவது தீப்பந்து மந்திரம், எட்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை அளவுக்கு அடிக்கும். எட்டிலும் ஒன்று ஒன்றாகவே விழுந்தால் மொத்தம் 8. ஊர்வாசி சேவிங் த்ரோவில் (அடியிலிருந்து தப்ப உருட்டும் பகடையில்) ஜெயித்தால் அதில் பாதி, அதாவது 4. அதுவே அவருக்கு முடிவு. இருபது அடி ஆரத்துக்குள் சந்தையில் நிற்கும் அத்தனை ஊர்வாசிகளுக்கும் இதே கதிதான், பகடையை உருட்டிப் பார்க்கவே வேண்டாம். நூறு வில்லாளிகள் இருந்தால் கணக்கு மாறும். உங்கள் ஊரில் நூறு வில்லாளிகள் இல்லை. ஆகவே ஊரைச் சண்டையில் ஜெயிக்க வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அந்த ஊர்க்காரர்களுக்கு லெவல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கண்ணுக்குத் தெரிவது ஃபைட்டர் மாட்டியிருக்கும் பிளேட் கவசம். அதன் விலை 1500 தங்கக் காசு. பயிற்சி இல்லாத கூலியாளுக்கு நாளுக்கு 2 வெள்ளிக் காசு கூலி, பத்து வெள்ளிக்கு ஒரு தங்கம். உண்ணாமல் தின்னாமல் 7500 நாள், அதாவது இருபது வருடத்துக்கு மேல் உழைத்தால்தான் அந்தக் கவசத்தை அவர் வாங்க முடியும். அதை மாட்டிக்கொண்டு ஒருவர் விடுதித் திண்ணையில் உட்கார்ந்து கால் ஆட்டினால், பார்க்கிறவருக்கு முதலில் வருவது மரியாதையும் இல்லை, வெறுப்பும் இல்லை. இரண்டே கேள்விகள்தான் வரும். இவர்களைத் தேடிக்கொண்டு யார் வரப்போகிறார்கள்? இவர்கள் எப்போது கிளம்புவார்கள்?

இரண்டாவது கேள்வி இந்த விளையாட்டிலேயே பழையது. 1978-இல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூலில் ஃபைட்டருக்கு ‘லார்டு’ என்ற பட்டம் கிடைப்பது சரியாக 9-ஆம் லெவலில்தான். கோட்டை கட்டி, சுற்றுவட்டாரத்தில் அரக்கர்களை ஒழித்து உட்கார்ந்துவிட்டால், அங்கே குடியிருக்கும் ஒவ்வொரு தலைக்கும் மாதம் 7 வெள்ளிக் காசு அவருக்கு வருமானம். உங்கள் ஊருக்குக் கணக்குப் போட்டால் மாதம் 4200 வெள்ளி. தலைக்கு வரும் அந்த 7 வெள்ளி, கூலியாளுக்கு மூன்றரை நாள் கூலி. இன்றைய விதிகளில் இது இல்லைதான். ஆனால் ஊர்மக்களின் பயம் இதுதான். வீரர் அடித்துவிடுவார் என்பதைவிட, பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிடுவார் என்பது பெரிய பயம்.

இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு மறுநாள் காலையை நடத்திப் பாருங்கள். விடுதிக்காரர் சண்டை போட மாட்டார். “காசெல்லாம் வேண்டாங்க ஐயா, நீங்க சாப்பிட்டதே போதும்” என்று இரண்டு கையாலும் கும்பிடுவார். அவருடைய மகளை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக அத்தை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். குதிரைக்கு லாடம் அடிக்கப் போனால் கொல்லர், “கரி தீர்ந்துபோச்சுங்க, வண்டி அடுத்த வாரம்தான் வரும்” என்பார். லாயத்தில் கொள்ளு இருக்காது. தெருவில் நேற்று ஓடித் திரிந்த பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். யாரைக் கேட்டாலும் பணிவு, யாரைக் கேட்டாலும் ‘இல்லைங்க’. இதில் ஒருவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒருவரைப் பார்த்தும் பகடை உருட்ட முடியாது. கொல்லரை மிரட்டினால் லாடம் அடித்துத் தருவார். அது மூன்றாம் நாள் காட்டுப் பாதையில் கழன்று விழும்.

ஊரின் கையில் இருக்கும் பெரிய சொத்து செய்தி. வடக்குப் பாலம் உடைந்தது எப்போது, கறுப்புக் குதிரைக்காரர்கள் நேற்று எந்தப் பக்கம் போனார்கள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். பிடித்த ஆளுக்குச் சொல்லும், பிடிக்காத ஆளுக்குச் சொல்லாது. வீரர்களைத் தேடி எதிரி வந்து விசாரித்தால், அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லும். எந்த அறையில் படுத்தார்கள், யாருக்குக் காயம் ஆறவில்லை என்பது உட்பட.

சரி, பயந்து ஒதுங்குவது மட்டும்தானா? இல்லை. உங்கள் குழுவில் கிளெரிக் இருக்கிறாரே, அவர் 9-ஆம் லெவல் ஆகிவிட்டார் என்றால் ரெய்ஸ் டெட் மந்திரம் கைக்கு வந்துவிட்டது. இறந்து பத்து நாளுக்குள் இருந்தால் உயிரைத் திருப்பலாம். அதற்கு 500 தங்கக் காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், மந்திரம் போட்டதும் அது கரைந்துவிடும். கூலியாளுக்கு 2500 நாள் கூலி. இந்தச் செய்தி ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது நாள் ஒரு பெண் மாட்டுவண்டியில் புருஷன் உடலை வைக்கோல் போட்டு மூடிக் கொண்டுவந்து விடுதி வாசலில் நிறுத்துகிறாள். அவளிடம் வைரம் இல்லை. கிளெரிக்கின் பையில் ஒன்று இருக்கிறது, குழுவில் யாராவது செத்தால் ஆகும் என்று எடுத்துவைத்தது. அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஆடுபவர்களைப் பேச விடுங்கள். கொடுத்தால் மறுநாள் மூன்று வண்டி வரும். மறுத்தால் அதுவும் ஊருக்குத் தெரியும். 9-ஆம் லெவல் என்றால் என்ன என்பதை எந்தக் காவலரும் இவ்வளவு நன்றாக அவர்களுக்குப் புரியவைக்க முடியாது.

இங்கே ஒரு பொறியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மக்கள் ஒத்துழைக்காவிட்டால் விஸார்ட், ஆளை மயக்கும் சார்ம் பெர்சன் மந்திரத்தை எடுப்பார். ஒரு மணி நேரம் கொல்லர் நண்பராகிவிடுவார், கரியும் எங்கிருந்தோ கிடைத்துவிடும். நடத்துபவர்களில் நிறையப் பேர் அதோடு விட்டுவிடுகிறார்கள். மந்திரம் முடிந்ததும் தன்மேல் மந்திரம் போட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும் என்று விதியிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும். மறுநாளிலிருந்து அந்த விஸார்டிடம் யாரும் தனியாகப் பேச மாட்டார்கள், பேசினால் மூன்று பேராகச் சேர்ந்து நின்றுதான் பேசுவார்கள். அவர் கையை அசைத்தாலே பின்வாங்குவார்கள். அடித்தவனையாவது ஊர் ஒருநாள் மன்னிக்கும், புத்திக்குள் புகுந்தவனை மன்னிக்காது.

இதைவிடப் பெரிய பொறி, விடுதிக்காரரை ஓய்வுபெற்ற 15-ஆம் லெவல் வீரராக ஆக்குவது. தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் காவலர்களுக்குச் செய்த அதே காரியம்தான், வேஷம் மட்டும் வேறு. ஆடுபவர்கள் அன்று அடங்குவார்கள். ஆனால் பலம் இருந்தால்தான் மரியாதை என்ற பாடத்தை நீங்களே கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும். அப்புறம் அவர்கள் பார்க்கிற ஒவ்வொரு கிழவரையும் லெவல் என்ன என்று சோதித்துக்கொண்டிருப்பார்கள். பலமே இல்லாத கிழவருக்கு அந்த மேசையில் இடம் இருக்காது. நீங்கள் காப்பாற்ற நினைத்ததே அவரைத்தானே?

தரகர்களைப் பற்றியும் கேளுங்கள். வீரர்கள் எங்கே தங்கினாலும் இரண்டாம் நாள் ஒரு தரகர் முளைப்பார். “ஐயா என் ஆளு, நான் சொன்னா கேட்பாரு” என்று ஊர்மக்களிடம் காசு வாங்கிக்கொண்டு கிளெரிக்கிடம் கூட்டிப்போவார். அந்த மாட்டுவண்டிப் பெண் வாசலுக்கு வரும் முன்பே அவரிடம் இரண்டு கோழியைக் கொடுத்திருப்பாள். கெட்ட பெயர் வீரர்களுக்கு, கோழி தரகருக்கு. ஆட்டத்துக்கு இப்படி ஒருவர் மிகவும் நல்லது. வீரர்கள் தங்கள் பெயரில் நடந்த அநியாயத்தைக் கண்டுபிடிக்கும்போது, ஊர்ப்பக்கம் நின்று பேச அவர்களுக்கு முதல்தடவையாக ஒரு காரணம் கிடைக்கும்.

ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் தரகர்கள்தான் எனக்கு ஆத்திரம் வரவைக்கிறவர்கள். உங்களைப் போலத் திணறும் ஆளைப் பார்த்ததும், நற்பெயர் அட்டவணை, ஆயிரம் ஊர்மக்கள் தொகுப்பு என்று பிடிஎஃப்களைத் தலையில் கட்டுவார்கள். அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 என்ற ஆவணம் 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் இலவசம். நான் மேலே சொன்ன ஊர்வாசி, காவலர், ஃபயர்பால், சார்ம் பெர்சன், ரெய்ஸ் டெட், கூலி, கவசத்தின் விலை எல்லாம் அதிலேயே இருக்கின்றன. அதை வெட்டி ஒட்டி அலங்காரம் செய்து விற்பதை வாங்காதீர்கள். ஆயிரம் ஊர்மக்களின் பெயர் உங்களுக்குத் தேவையே இல்லை.

நான் சொன்ன எதுவும் பொருந்தாத ஓர் ஆள் உண்டு. அதே ஊரில் பிறந்து வளர்ந்த வீரர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். உங்கள் ரோக் இந்த ஊர்ப்பிள்ளை என்று வையுங்கள். மற்ற மூன்று பேரைக் கும்பிட்டு ஒதுங்கும் அதே விடுதிக்காரர், இவரைப் பார்த்து, “ஏன்டா, உங்கப்பன் வெச்சிட்டுப் போன பாக்கியை யாரு குடுக்கிறது?” என்பார். இவர் டிராகனைக் கொன்றது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. சின்ன வயதில் கிணற்றில் விழுந்த இவரைத் தூக்கியது யார், பழம் திருடி மாட்டியது எந்தத் தோட்டத்தில் என்பதெல்லாம் ஊருக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்கள் அந்தப் பையனிடம் பேசுகிறார்கள், 9-ஆம் லெவலிடம் பேசவில்லை. இது அவமரியாதை இல்லை, பயமே இல்லாத உரிமை. கூடவே உதவியை உரிமையாகவே கேட்பார்கள். கூரை மாற்ற, நிலத்தகராறு தீர்க்க, மச்சானுக்கு வேலை வாங்கித்தர. மறுத்தால், ‘பெரிய ஆளாயிட்டான்’ என்ற பேச்சு வரும், அது அவர் அம்மா காதுக்குப் போகும். ஆனால் ஊர்ப்பிள்ளை என்பதற்காக அவருடன் வந்த மூன்று பேருக்கும் அதே உரிமை கிடைத்துவிடாது. அவர்கள் விருந்தாளிகள். அவர்கள் செய்யும் தப்பு இவர் கணக்கில் எழுதப்படும். இவர் பல வருடம் போகாமல் இருந்திருந்தால்? முதல்நாள் கொஞ்சம் கூச்சம் இருக்கும். வயதான ஒருவர் பழைய பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அதுவும் போய்விடும். எல்லா லெவலுக்கும் இது பொருந்தும், 20-ஆம் லெவலுக்கும்.

இதையெல்லாம் விதிநூல் ஏன் சொல்லித்தரவில்லை என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் ஆதங்கம். 1981-இல் வந்த, இதே ஆட்டத்தின் ‘பேசிக்’ விதிநூலில் சந்திக்கும் உயிர் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இரண்டு ஆறுமுகப் பகடை போடச் சொன்னார்கள். 2 விழுந்தால் உடனே தாக்கும், 12 விழுந்தால் நட்பாகிவிடும். 2014-இல் நட்பு, அலட்சியம், பகை என்று மூன்று மனநிலைகள் கொடுத்தார்கள். அறுநூறு பேருக்கு மூன்று மனநிலை! பயந்துகொண்டே உதவி கேட்கிறவர், வெறுத்துக்கொண்டே கும்பிடுகிறவர், நன்றி இருந்தும் சீக்கிரம் போய்த்தொலைந்தால் தேவலை என்று நினைக்கிறவர், இவர்களை எல்லாம் எந்தக் கட்டத்தில் போடுவது? மந்திரங்களுக்கும் அரக்கர்களுக்கும் நூற்றுக்கணக்கில் பக்கங்கள் இருக்கின்றன. யாருக்காக அந்த அரக்கர்களைக் கொல்கிறோமோ அவர்களுக்குச் சில பக்கங்கள். புதிதாக நடத்த வருகிறவர் காவலரின் லெவலை ஏற்றாமல் வேறு என்ன செய்வார்? கையில் கொடுத்த கருவி அது ஒன்றுதான்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் நண்பர்களிடம், அந்தக் காவலர் சண்டை நடக்கவே இல்லை, மறுநாள் காலையிலிருந்து தொடங்குகிறோம் என்று சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுக்குக் காசு கொடுக்காதது மட்டும் நடந்ததாகவே இருக்கட்டும். விடுதிக்காரர், கொல்லர், லாயத்துப் பையன், அந்தத் தரகர் என்று நான்கு பேருக்குப் பெயர் வையுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இரண்டு விஷயங்கள் எழுதுங்கள்: இந்த வீரர்களிடமிருந்து அவருக்கு என்ன வேண்டும், இவர்களால் எது நடந்துவிடுமோ என்று பயப்படுகிறார். அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஃபைட்டர் மறுபடியும் ஹிட் பாயிண்ட் கேட்டால் உண்மையான எண்ணையே சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். சொல்லிவிட்டு, குதிரைகளுக்கு நேற்று ராத்திரி யாரும் தீனி வைக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள்.