காசு ஒன்றுதான், சட்டம் மூன்று: நாணய வியாபாரத்துக்கு என்னென்ன பதிவு வேண்டும்?

கேள்வி: சேலத்தில் வெள்ளிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஆண்டு விற்றுமுதல் 25 லட்சத்துக்குள்தான். தங்கக் காசு, வெள்ளிக் காசு, பழைய நாணயங்கள் இவற்றையும் வாங்கி விற்கலாம், இன்ஸ்டாகிராமில் ஆர்டர் பிடித்து பெங்களூருக்கும் அனுப்பலாம் என்று எண்ணம். ‘புல்லியன் லைசென்ஸ்’ (தங்கம், வெள்ளி வியாபார உரிமம்) இல்லாமல் செய்யக்கூடாது, வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். அது எங்கே கிடைக்கும்?

பதில்: ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பெயரில் இந்தியாவில் இப்போது லைசென்ஸ் கிடையாது. 1968-ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை தங்க வியாபாரி உரிமம் எடுத்தாக வேண்டும். 1990-இல் அந்தச் சட்டமே ரத்தாகிவிட்டது. இன்று என்ன பதிவு தேவை என்பது உங்கள் தட்டில் வந்து விழும் காசைப் பொறுத்தது. அதே காசு உலோகமாக இருக்கலாம், நகையாக இருக்கலாம், தொல்பொருளாகவும் இருக்கலாம்.

கடைசியில் சொன்னதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள், அதனால் அதையே முதலில் பார்ப்போம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தில், நூறு ஆண்டுக்குக் குறையாத பழமை உள்ள நாணயமும் தொல்பொருள்தான். சோழர் செப்புக்காசு என்றால் யாரும் உஷாராகிவிடுவார்கள். விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாயும், 1918-இல் பம்பாயில் அச்சான சவரன் தங்கக் காசும் அதே வரையறைக்குள் வருவது பலருக்குத் தெரியாது. இந்த நூறு ஆண்டுக் கோடு நிலையானதும் அல்ல. நேற்றுவரை சாதாரணமாக இருந்த சரக்கு அடுத்த ஆண்டு அதற்குள் வந்துவிடும்.

வீட்டில் சேர்த்து வைத்திருப்பவர் அத்தகைய நாணயத்தைப் பதிவு செய்யத் தேவையில்லை. கட்டாயப் பதிவுக்கு அறிவிக்கப்பட்ட வகைகளில் சிற்பம், ஓவியம், ஓவியச் சுவடி போன்றவைதான் உள்ளன. ஆனால் விற்பதைத் தொழிலாகச் செய்பவர் 5-ஆம் பிரிவின்படி இந்தியத் தொல்லியல் துறையின் உரிம அலுவலரிடம் உரிமம் வாங்க வேண்டும். இந்த வியாபாரத்தில் உங்களுக்கு உள்ள அனுபவம், எந்த ஊரில் செய்யப் போகிறீர்கள், அங்கே ஏற்கனவே எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்பதையெல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கிடைத்த பிறகு பதிவேடும் புகைப்படமும் வைத்திருக்க வேண்டும். கடைக்குப் புதியவர் என்றால், நூறு ஆண்டைத் தாண்டிய சரக்கை உரிமம் கைக்கு வரும்வரை தொடாமலிருப்பதே நல்லது.

இதோடு 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும். பச்சைக் களிம்பும் ஈரமண்ணும் ஒட்டிய காசுகளை ஒருவர் துணியில் முடிந்து கொண்டுவந்தால், விலை பேசாமல் திருப்பி அனுப்புங்கள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்குவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

அடுத்தது ஜிஎஸ்டி. தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். உங்கள் வெள்ளிச் சாமான் விற்பனையும் அதில் சேரும். தங்கம் புழங்க ஆரம்பித்தால் அந்தத் தொகையைத் தொட நாளாகாது. அதைவிட முக்கியம், பெங்களூருக்கு ஒரே ஒரு காசு அனுப்பினாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. அதற்கு இந்த 40 லட்ச விலக்கே கிடையாது. முதல் பில்லுக்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருந்துகொண்டு வெளிமாநிலத்துக்கு அனுப்ப முடியாது.

தங்க, வெள்ளிக் காசுகளுக்கு வரி 3 சதவீதம். சேகரிப்போர் வாங்கும் நாணயங்களுக்கு ஜிஎஸ்டி பட்டியலின் 9705-ஆம் தலைப்பில் 5 சதவீதம். “பணத்துக்கு ஏது ஜிஎஸ்டி?” என்று சிலர் வாதாடுவார்கள்; சேகரிப்பு மதிப்புக்காக வைத்திருக்கும் பணம் ‘பணம்’ அல்ல என்று சட்டத்தின் வரையறையே சொல்லிவிடுகிறது. சேகரிப்போர் தேடும் 786 எண் நோட்டுக்கும் இதுதான் விதி.

பழைய சரக்குக்கு ஒரு சலுகை உண்டு. வாங்கியதை உருமாற்றாமல் அப்படியே விற்றால், உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை) வரவு எடுக்காதவரை, ஜிஎஸ்டியின் 32(5) விதிப்படி லாபத்துக்கு மட்டும் வரி கட்டலாம். 9,000 ரூபாய்க்கு வாங்கிய நாணயத்தை 9,800-க்கு விற்றால் 800 ரூபாய்க்கு 5 சதவீதம், அதாவது 40 ரூபாய். முழு விலைக்குக் கட்டினால் 490. ஆனால் உருக்கிக் கட்டியாக்கிவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும் போச்சு.

இனி ஹால்மார்க். தங்கக் கட்டிக்கும் காசுக்கும் அது கட்டாயமில்லை. நகைக்கடைக்காரர் காசுக்கு ஹால்மார்க் போட்டு வாங்கவும் முடியாது. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற சுத்திகரிப்பு ஆலையும் அரசு நாணயச் சாலையும் மட்டுமே 995, 999 தரத்தில் (ஆயிரத்தில் அத்தனை பங்கு தங்கம்) முத்திரை வைத்து வெளியிடலாம். அதனால் முத்திரை உள்ள காசை சீல் உடைக்காத அட்டையோடு வாங்குங்கள். அதே காசில் கொக்கி பற்றவைத்தால் அது நகை. காசுமாலைக்கும் டாலருக்கும் எச்யூஐடி எண் (ஒவ்வொரு நகைக்கும் தனியாக வரும் ஹால்மார்க் எண்) வேண்டும், உங்கள் கடைக்கு பிஐஎஸ் பதிவு வேண்டும். விற்றுமுதல் 40 லட்சம் வரை உள்ள நகைக்கடைக்கு விலக்கு உண்டு. பதிவுக்குக் கட்டணம் இல்லாததால் விலக்கை நம்பி உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. வெள்ளிக்கு ஹால்மார்க் விருப்பத்தின் பேரில்தான்.

மின்னணுத் தராசுக்கு எடை அளவுச் சட்ட முத்திரையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இங்கிலாந்து சவரனின் எடை 7.988 கிராம், அதுவும் 22 கேரட். பவுன் என்றால் 8 கிராம். காசைப் ‘பவுன்’ என்று பில்லில் எழுதிவிட்டு 12 மில்லிகிராம் குறைவுக்காகச் சண்டை வாங்குவதைவிட, கிராமில் மூன்று தசமம் வரை எழுதிவிடலாம்.

ரொக்க விஷயத்தில்தான் பணம் கரையும். ஒருவரிடம் ஒரே நாளில், அல்லது ஒரே வியாபாரத்துக்கு, 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். வீட்டுக் காசை விற்க வருபவர் ரொக்கம்தான் கேட்பார். ஆனால் ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு வருமான வரிக் கணக்கில் ஏறாது. 60,000 ரொக்கம் கொடுத்து வாங்கி 65,000-க்கு விற்றால் லாபம் 5,000 அல்ல, முழு 65,000 என்று கணக்காகும். வங்கி வழியாகவே கொடுங்கள். ரொக்கப் பரிவர்த்தனை ஒரு வாடிக்கையாளரோடு, துண்டு துண்டாக இருந்தாலும், 10 லட்சத்தைத் தொட்டால் பணமோசடித் தடுப்புச் சட்டம் வந்துவிடும். அப்போது எஃப்ஐயு-இந்தியாவில் (மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில்) பதிவு, வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு, ஐந்து ஆண்டுக்கு ஆவணப் பாதுகாப்பு எல்லாம் உங்கள் தலையில்.

வாங்கும் பதிவேட்டில் தேதி, விற்றவர் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், மில்லிகிராம் வரை எடை, காசின் இருபுறப் படம், ‘இது என் சொந்தப் பொருள்’ என்று அவர் கையெழுத்திட்ட தாள், பணம் போன வங்கிக் குறிப்பு எண் இவ்வளவும் வேண்டும். படத்தைத் துலக்குவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். உலோகம், நகை, பழைய நாணயம் மூன்றுக்கும் தனித்தனி இருப்புக் கணக்கு வையுங்கள். கலந்துவிட்டால் 3 சதவீதச் சரக்கு எது, 5 சதவீதச் சரக்கு எது என்று ஆடிட்டரே குழம்புவார்.

இன்ஸ்டாகிராமில் இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வந்தால், நூறு ஆண்டைத் தாண்டிய நாணயத்தை அனுப்பவே கூடாது. தனியார் தொல்பொருள் ஏற்றுமதிக்கு முழுத் தடை. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை. சிங்கப்பூரில் இருக்கும் உறவினருக்குப் பரிசாகக் கூரியரில் அனுப்புவதும் அதே கணக்குதான்.