முடியே இல்லாத இத்தாலியில் பழைய அரச குடும்பமான சவோய் குடும்பத்தார் எதற்காக வாரிசுச் சண்டை போடுகிறார்கள்?

"1946இலேயே மன்னராட்சி போய்விட்டது, அப்புறமும் யார் குடும்பத் தலைவர் என்று அடித்துக்கொள்வது வேலையற்றவர்களின் பொழுதுபோக்குதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இத்தாலிக்கு வெளியே இருப்பவர் என்று நினைக்கிறேன். இங்கே ஒரு வீட்டுக்குள் இருந்து பார்த்திருந்தால் பொழுதுபோக்கு என்று சொல்லியிருக்க மாட்டீர்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்து 27 வருடம் ஆகிறது. அதில் 11 வருடம் ஒரு வயதான அம்மாவை அவர் வீட்டிலேயே தங்கிப் பராமரித்தேன். சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய படுக்கையறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் கடைசி அரசர் உம்பெர்ட்டோவின் படம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய தம்பி மகன் சாப்பிட வருவார். சாப்பாடு முடிந்து காப்பி வைக்கும் நேரத்தில் இரண்டு பேருக்கும் சண்டை தொடங்கும். சின்யோரா அரச குடும்பத்தின் இன்னொரு கிளையான அவோஸ்தா கிளையின் பக்கம், தம்பி மகன் உம்பெர்ட்டோவின் மகன் விட்டோரியோ இமானுவேலே பக்கம். முதல் ஆறு மாதம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு நானே சின்யோராவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மன்னராட்சி வேண்டும் என்பவள் இல்லை. முசோலினியைப் பிரதமராக்கியதும், 1938இல் யூதர்களுக்கு எதிரான சட்டங்களில் கையெழுத்துப் போட்டதும் இந்தக் குடும்பத்து அரசர்தான் என்பது எனக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லி என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். நான் வரலாறு படித்தவளும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1946 ஜூன் 2ஆம் தேதி பொது வாக்கெடுப்பு. குடியரசுக்கு 1 கோடியே 27 லட்சம் வாக்கு, முடியாட்சிக்கு 1 கோடியே 7 லட்சம். சிசிலியில் பெரும்பான்மையானவர்கள் அரசருக்குத்தான் போட்டார்கள். நாடு தழுவிய தேர்தலில் பெண்கள் வாக்களித்தது அன்றுதான் முதல் தடவை. தன் அம்மா நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போனதை சின்யோரா அடிக்கடி சொல்வார். பலெர்மோக்காரர்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வெறும் பிரபுக்களாக இருந்த சவோய் குடும்பம் முதன்முதலில் அரசப் பட்டம் பெற்றதே சிசிலியால்தான். 1713இல் முடிசூட்டு நடந்தது இந்த ஊர்ப் பேராலயத்தில்.

உம்பெர்ட்டோ அரசராக இருந்தது 34 நாள்தான். போர்ச்சுகல்லுக்குப் போனவர் கடைசிவரை இத்தாலிக்குத் திரும்ப முடியாமல் 1983இல் ஜெனீவாவில் இறந்தார். அவருக்கு மூன்று பெண், ஒரு பையன். அந்த ஒரே மகன்தான் விட்டோரியோ இமானுவேலே.

இந்தக் குடும்பத்தில் 1780இல் எழுதிய ஒரு விதி இருக்கிறது. குடும்பத் தலைவரின் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்யும் இளவரசருக்கு வாரிசு உரிமை போய்விடும். மகன் மரீனா தோரியா என்ற சுவிஸ் பெண்ணை விரும்பினார். நீர்ச்சறுக்கில் உலக சாம்பியன், ஆனால் அரச குடும்பம் இல்லை. அப்பாவுக்குச் சம்மதம் இல்லை. 1960இலும் 1963இலும் மகனுக்குக் கடிதம் எழுதினார்: சம்மதமில்லாமல் செய்தால் உன் இடம் அவோஸ்தா கிளைக்குப் போகும் என்று. மகன் 1969இல் தானே அரசர் என்று ஒரு ஆணை எழுதிக்கொண்டார். 1971இல் தெஹ்ரானில் மரீனாவைத் திருமணம் செய்தார்.

எல்லாச் சண்டைக்கும் ஊற்று இந்தக் கடிதங்கள்தான். அப்பா எழுதியது தீர்ப்பா, வெறும் எச்சரிக்கையா? தம்பி மகன், "பயமுறுத்தினார், ஆனால் பகிரங்கமாக நீக்கவில்லையே!" என்பார். சின்யோரா, "விதி என்றால் அது தானாக வேலை செய்யும், அறிவித்தால்தானா?" என்பார். உம்பெர்ட்டோ தன் அரச முத்திரையைத் தன்னோடு சவப்பெட்டியில் வைக்கச் சொன்னார், மகனிடம் கொடுக்கவில்லை, அதைவிட என்ன தீர்ப்பு வேண்டும் என்று கேட்பார்.

அவோஸ்தா கிளையின் அமெதேயோ தூரத்து உறவு. ஆனால் இத்தாலியில் வளர்ந்தவர், இத்தாலியக் கடற்படையில் பயிற்சி பெற்றவர். முதல் கல்யாணத்தை உம்பெர்ட்டோவின் சம்மதத்தோடு செய்தவர். 2004 மே மாதம், ஸ்பெயின் இளவரசரின் கல்யாணத்துக்கு முந்தின இரவு விருந்தில், விட்டோரியோ இமானுவேலே இவரை முகத்தில் குத்திவிட்டார். அது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 2006 ஜூலையில் முடியாட்சி ஆதரவாளர்களின் ஒரு சபை அமெதேயோவைத் தலைவராக அறிவித்தது. சொந்தத் தங்கை மரியா கபிரியெல்லாவே அண்ணனை விட்டு அமெதேயோ பக்கம் நின்றார். தம்பி மகனுக்கு அதை நினைத்தாலே கோபம் வரும்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். 1948 அரசியலமைப்பு முன்னாள் அரசர்களையும் அவர்களின் மனைவியரையும் ஆண் வாரிசுகளையும் மட்டும்தான் நாட்டுக்குள் வரக் கூடாது என்றது. பெண் வாரிசுகளுக்குத் தடையே இல்லை. குடியரசும் பெண்களை வாரிசாக எண்ணவில்லை என்றுதானே அர்த்தம்? அந்தத் தடையை 2002இல் எடுத்தார்கள். விட்டோரியோ இமானுவேலேயின் மகன் இமானுவேலே பிலிபெர்ட்டோ ஜெனீவாவில் பிறந்தவர். நுழைய அனுமதி வந்தபோது அவருக்கு வயது 30. ஆனால் அவர் பிறவியிலேயே இத்தாலியர், ரத்தம் அப்படி. என் மகள் 2001இல் பலெர்மோவில், துறைமுகத்தில் இருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அவள் 18 வயது வரை வெளிநாட்டுக்காரி. அவளுடைய அடையாள அட்டையில் 'வெளிநாட்டுப் பயணத்துக்குச் செல்லாது' என்று அச்சடித்திருந்தது. பதினாலு வயதில் அதை என்னிடம் காட்டி, "அம்மா, ஏன் என் அட்டையில் மட்டும்?" என்று கேட்டாள். 1992இல் வந்த குடியுரிமைச் சட்டம் அப்படி. ரத்தம் இருந்தால் போதும் என்றிருந்தது, மண் கணக்கில்லை. கடந்த 2025 ஜூனில், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பத்து வருடம் வசிக்க வேண்டும் என்பதை ஐந்தாகக் குறைக்க வாக்கெடுப்பு வைத்தார்கள். பாதிப் பேர்கூட வாக்களிக்க வராததால் அது செல்லாமல் போனது. யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி அரச குடும்பத்துக்கு மட்டும் உரியதில்லை என்று எனக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

திரும்பவும் அந்த மேசைக்கு வருகிறேன். 2020 ஜனவரி. இமானுவேலே பிலிபெர்ட்டோவுக்கு இரண்டும் பெண். தாத்தா விட்டோரியோ இமானுவேலே பழைய விதியை மாற்றிவிட்டார், இனி ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைதான் வாரிசு, 16 வயதுப் பேத்தி விட்டோரியாதான் அடுத்த வரிசை என்று செய்தி வந்தது. அவோஸ்தா தரப்பு செல்லாது என்றது. தம்பி மகன் செய்தியைப் போனில் உரக்க வாசித்துவிட்டு, "பெண்ணுக்குக் கொடுக்கிறார்கள், இதையும் எதிர்ப்பீர்களா மாமி?" என்று கேட்டார்.

சின்யோராவுக்கு அப்போது 90 வயது. அவருடைய அப்பாவின் எலுமிச்சைத் தோட்டத்தில் தனக்குரிய பங்கை, 23 வயதில், தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர் அவர். அந்தத் தம்பியின் மகன்தான் எதிரே இருந்து கேட்கிறார். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை, குளிக்க வைக்கும்போது சொல்லியிருந்தார்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பெண்ணுக்குக் கொடுப்பதென்றால் மரியா பியாவுக்குக் கொடுக்கட்டும். அவள்தான் உம்பெர்ட்டோவின் மூத்த பிள்ளை. 1934இல் பிறந்தவள். தம்பி 37இல்."

தம்பி மகன் பதில் சொல்லவில்லை. நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

என் கருத்தும் அதுதான். பழைய விதிப்படி பார்த்தால் அவோஸ்தா பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். விதியே தப்பு என்றால், தப்பு நடந்த இடத்தில் இருந்து திருத்த வேண்டும். அக்காவைத் தாண்டி வந்தவர், தனக்குப் பேரன் இல்லை என்றதும் பேத்திக்காக விதியை மாற்றுவது பெண்களுக்குச் செய்த நியாயம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஆறவில்லை. 2022இல் இத்தாலிய மத்திய வங்கியில் கிடக்கும் அரச நகைகளைத் திருப்பிக் கேட்டபோது மட்டும் அவரும் மூன்று சகோதரிகளும் சேர்ந்து வாரிசுகளாக நின்றார்கள். நகைக்கு நாலு பிள்ளை, முடிக்கு ஒரு பிள்ளை.

அமெதேயோ 2021 ஜூனில் இறந்தார், விட்டோரியோ இமானுவேலே 2024 பிப்ரவரியில். இப்போது இமானுவேலே பிலிபெர்ட்டோ ஒரு பக்கம், அமெதேயோவின் மகன் அய்மோனே ஒரு பக்கம். சின்யோராவும் 2021இல் போய்விட்டார். அந்த உம்பெர்ட்டோ படத்தைத் தம்பி மகன் கேட்டார். அது எனக்கு என்று சின்யோரா எழுதி வைத்திருந்தார். இப்போது என் வீட்டில் இருக்கிறது.