வியர்வைப் பட்டையைப் புரட்டிப் பாருங்கள்

பழைய ஃபெல்ட் (ரோமத்தையோ கம்பளியையோ அழுத்திப் பின்னவைத்த துணி) தொப்பி சேர்ப்பவர்களுக்கான வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் ஸ்டெட்சன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழுப்பு நிறத் தொப்பி ஒன்று வாங்கினேன். உள்ளே எங்கும் ஆண்டு இல்லை. எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், நியூஜெர்சி)

பதில்: தொப்பியில் ஆண்டு அச்சிடும் வழக்கம் அநேகமாகக் கிடையாது. அதனால் துப்பு துலக்கத்தான் வேண்டும். தொப்பியைக் கவிழ்த்து, உள்ளே சுற்றி வரும் தோல் பட்டையை, அதாவது வியர்வைப் பட்டையை, விரல் நுனியால் மெதுவாக வெளிப்பக்கம் மடியுங்கள். பின்பக்கம் அதன் இரு முனைகளும் சேரும் இடத்துக்கு அருகே சின்னக் காகிதத் துண்டுகள் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் தொழிற்சங்க லேபிள். தபால்தலை போல ஓரத்தில் துளையிட்ட துண்டுக் காகிதம் அது. 'யுனைடெட் ஹேட்டர்ஸ் ஆஃப் நார்த் அமெரிக்கா' என்று மட்டும் இருந்தால் பொதுவாக 1934க்கு முந்தியது. அந்த ஆண்டு அது கேப், மில்லினரி (பெண்கள் தொப்பி) தொழிலாளர் சங்கத்தோடு இணைந்தது. 'ஹேட்டர்ஸ், கேப் அண்ட் மில்லினரி' என்ற நீண்ட பெயர் இருந்தால் 1934க்கும் 1983க்கும் நடுவே. நீலக் கழுகு போட்ட என்.ஆர்.ஏ. (அமெரிக்க அரசின் தேசிய மீட்சி நிர்வாகம்) லேபிள் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த அமைப்பு 1933 முதல் 1935 வரைதான் இயங்கியது. இவ்வளவு குறுகிய காலத்தைக் காட்டும் அடையாளம் வேறு எதுவும் இல்லை.

தோலிலோ பெட்டியிலோ கடை முகவரி இருந்தால் ஊர்ப் பெயருக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். 'நியூயார்க் 17' என்பது போல ஒன்றிரண்டு இலக்கம் என்றால் 1943–63. ஐந்து இலக்க ஜிப் கோடு என்றால் 1963க்குப் பிறகு. ஆனால் பெட்டியும் தொப்பியும் ஒரே காலத்தவை என்று நம்பிவிடாதீர்கள். வியாபாரிகள் கையில் கிடைத்த பெட்டியில் கிடைத்த தொப்பியை வைத்து விற்பார்கள். பட்டைக்குப் பின்னால் மடித்துச் செருகிய செய்தித்தாளும் அப்படித்தான். தொப்பி தொளதொளவென்று இருந்ததால் யாரோ செருகியது. தாளில் உள்ள தேதிக்கு முன்பே தொப்பி இருந்திருக்கலாம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

அடுத்தது தோற்றம். சுற்று விளிம்பு இரண்டரை அங்குலமோ அதற்கு மேலோ, ரிப்பனும் அகலம் என்றால் 1940களின் பாணி. விளிம்பு இரண்டு அங்குலத்துக்குக் கீழே, ரிப்பன் மெலிசு என்றால் 1950களின் கடைசி, 60கள். இது துணைச் சான்று மட்டுமே. தாத்தாக்கள் பலர் ஃபேஷன் மாறிய பிறகும் பழைய அகலத்தையே கேட்டு வாங்கினார்கள்.

ஸ்டெட்சனின் பிலடெல்பியா தொழிற்சாலை 1971இல் மூடப்பட்டது. அதன் பிறகு அந்தப் பெயரில் வந்தவை உரிமம் பெற்ற பிறர் செய்தவை. இன்னொன்று: தரத்தைக் காட்டத் தோல் பட்டையில் பொறித்த 3எக்ஸ், 5எக்ஸ் குறிகளை இன்றைய எக்ஸ் எண்களோடு ஒப்பிடாதீர்கள். 1940களின் 3எக்ஸ் நல்ல உயர்தரம். இன்றைய 3எக்ஸ் அப்படியில்லை. இந்த எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எக்ஸை நம்பி விலை கொடுப்பவர் ஏமாறுவார்.

கேள்வி: முயல் ரோமமா, ஆட்டுக் கம்பளியா என்று தொட்டுப் பார்த்தே சொல்ல முடியுமா? (வாசகி, திருச்சி)

பதில்: பெரும்பாலும் முடியும். முயல், ஹேர் (காட்டு முயல்), பீவர் (நீரில் வாழும் கொறிவிலங்கு) ரோமத்தில் செய்த ஃபெல்ட் மெல்லியதாக இருந்தாலும் அடர்த்தி இருக்கும். விளிம்பை வளைத்து விட்டால் மிருதுவாகத் திரும்பும். கம்பளி ஃபெல்ட் அட்டை போல விறைக்கும், கொஞ்சம் சொரசொரக்கும். மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நல்ல ரோம ஃபெல்ட்டில் சேப்பிலை மேல் நிற்பது போல முத்தாக நிற்கும். ஆனால் அழுக்கேறிய பழைய தொப்பியில் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

கேள்வி: மலாயாவிலிருந்து தாத்தா கொண்டுவந்த சாம்பல் நிறத் தொப்பி. ரிப்பனுக்கு மேலே எண்ணெய்க் கறை வளையமாகப் படிந்திருக்கிறது. லாண்டரியில் கொடுக்கலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: வேண்டாம். வேட்டி, கோட்டு வெளுப்பவர்களுக்கு இதன் வடிவத்தைக் காப்பாற்றத் தெரியாது. வீட்டிலேயே படிப்படியாகச் செய்யுங்கள். முதல் படியிலேயே போதும் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

குதிரை ரோம பிரஷ் வாங்குங்கள். வெளிர் நிறத்துக்கு ஒன்று, அடர் நிறத்துக்கு ஒன்று. ரோமம் சாய்ந்திருக்கும் திசையிலேயே, பெரும்பாலும் மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக, தூசியைத் தட்டி எடுங்கள். எதிர்த் திசையில் தேய்த்தால் மேற்பரப்பு குத்திட்டு நின்று திட்டுத் திட்டாகத் தெரியும்.

எண்ணெய்க் கறைக்கு நம் வீட்டு முல்தானி மெட்டியே போதும். மேல்நாட்டில் ஃபுல்லர்ஸ் எர்த் என்று துணி வெளுக்கப் பயன்படுத்தியதும் இதே வகை மண்தான். தண்ணீர் சேர்க்காமல் உலர்ந்த பொடியைக் கறை மேல் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் பிரஷ் செய்யுங்கள். இரண்டு மூன்று தடவை தேவைப்படும். கறுப்பு, கரும்பழுப்புத் தொப்பிகளில் இதைத் தொடாதீர்கள். வெண்துகள் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

அதற்கும் அடங்காவிட்டால் நாப்தா (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கறை நீக்கும் திரவம்) குளியல், அதாவது பழைய 'பெட்ரோல் வாஷ்'. பங்கில் போடும் பெட்ரோல் கூடாது. அதில் உள்ள நிறமும் சேர்மானங்களும் கறையாகப் படியும். ரிப்பன், லைனிங், தோல் பட்டை மூன்றையும் பிரித்துவிட வேண்டும். பிரிப்பதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். முன்பக்கத்தை ஒரு நூல் தையலால் குறியுங்கள். எவர்சில்வர் அண்டாவில் மூன்று லிட்டர் நாப்தா ஊற்றித் தொப்பியைப் பத்து நிமிடம் அமிழ்த்தி, புது நாப்தாவில் ஒருமுறை அலசுங்கள். இதெல்லாம் திறந்த வெளியில், அடுப்போ சுவிட்சோ பக்கத்தில் இல்லாமல். நிழலில் இரண்டு நாள் உலரட்டும். மூக்கை வைத்தாலும் வாசனை வரக்கூடாது. அதற்கு முன் ஆவி காட்டுவதற்காக அடுப்புப் பக்கம் கொண்டு போனால் தீப்பிடிக்கும்.

தோல் பட்டையின் தையல் உறுதியாக இருந்தால் நாப்தா குளியலே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. பழைய தோலைப் பிரித்துவிட்டு மறுபடி அதே ஊசித் துளைகளில் தைக்கும்போது தபால்தலை கிழிவது போல வரிசையாகக் கிழிந்து வரும். லேசான கறை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: தொப்பி முன்பு சரியாக இருந்தது. இப்போது நெற்றியில் இறுக்குகிறது. ஆவி பிடித்தேன், இன்னும் சுருங்கிவிட்டது! (வாசகி, கோவை)

பதில்: சுருங்கியது ஃபெல்ட் அல்ல, தோல் பட்டை. பழைய தோலை ஈரமும் சூடும் சேர்ந்து தாக்கினால் அது சடாரென்று சுருங்கி, கூடவே தொப்பியின் வாயையும் இழுத்துவிடும். நீங்கள் காட்டிய ஆவி முதலில் பட்டையில்தான் பட்டிருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் தொப்பியை விட்டாலும் இதே கதிதான்.

இனி செய்யும்போது பட்டையை வெளியே மடித்து, ஆவி படாமல் விலக்கிவிட்டு, ஃபெல்ட்டுக்கு மட்டும் ஆவி காட்டுங்கள். இட்லிப் பானை உதவாது. அகலமாக வரும் ஆவி எல்லா இடத்திலும் படும். மூக்கு நீண்ட கெட்டில் நல்லது. அரை அடி தள்ளி, ஓர் இடத்துக்கு இருபது விநாடி. அதிகம் காட்டினால் விறைப்புக்காக ஃபெல்ட்டில் ஏற்றியிருக்கும் அரக்கு வெளியே வந்து வெள்ளைத் திட்டாகும். பிறகு திருகு வைத்த மரத் தொப்பி விரிப்பியை உள்ளே வைத்து, கையில் லேசான எதிர்ப்புத் தெரியும் வரை மட்டும் திருகி ஒரு இரவு விடுங்கள். தோல் ஏற்கெனவே காய்ந்து முறுகியிருந்தால் திருகவே கூடாது, பின் தையலில் பிளக்கும்.

எவ்வளவு விரியும்? அமெரிக்க அளவு எண் தலையின் சராசரி விட்டத்தை அங்குலத்தில் சொல்வது. எண்ணில் 1/8 கூடினால் சுற்றளவு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கூடும். அந்த ஒரு சென்டிமீட்டர்தான் பத்திரமான எல்லை. வாங்கும்போதே கவனியுங்கள்: 57 செ.மீ. தலைக்கு அமெரிக்க அளவு 7 1/8, பிரிட்டிஷ் அளவு 7. லண்டன் தொப்பி வாங்குகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

தோலுக்குத் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் தடவாதீர்கள். ஃபெல்ட்டுக்குள் ஊறிச் சிக்கு வாடை வரும். தோலுக்கென்றே விற்கும் கண்டிஷனரைத் துணியில் தொட்டு மெலிதாக ஒரு கை, மறுநாள் இன்னொரு கை. தொட்டதும் செம்பொடியாக உதிர்கிற தோலை இது காப்பாற்றாது.

கேள்வி: பழைய தொப்பியில் விஷம் உண்டு என்கிறார்களே, உண்மையா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: உண்மை. ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதற்காக, ரோமத்தை வெட்டி எடுக்குமுன் விலங்கின் தோலில் பாதரச நைட்ரேட் பூசினார்கள். ரோம நுனி காரட் நிறமாக மாறுவதால் அந்த வேலைக்கே 'காரட்டிங்' என்று பெயர். கனெக்டிகட்டில் உள்ள டான்பரி தொப்பித் தொழிலாளர்களின் கை நடுக்கத்துக்கு இந்தப் பாதரசமே காரணம். அமெரிக்காவில் இந்த முறை 1941 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய தொப்பிகளில் பாதரசம் மிச்சம் இருக்கலாம். கையுறை போட்டு எடுங்கள், ஆவி காட்டுவதென்றால் மொட்டை மாடியில். உப்புக் காகிதம் போட்டு அவற்றைத் தேய்க்கவே கூடாது. தூசி மூக்குக்குள் போகும். குழந்தைகளின் மாறுவேடப் போட்டிக்கும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அந்துப்பூச்சி ஓட்டைகள். என்ன செய்ய? (வாசகி, சென்னை)

பதில்: முதலில் புழுவைக் கொல்லுங்கள். பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி எடுத்துக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒருநாள் விடுங்கள்; உடனே திறந்தால் ஃபெல்ட்டில் நீர் கோக்கும். பிறகு ரிப்பனுக்கு அடியில் பாருங்கள். முட்டையும் புழுவும் அங்கேதான் ஒளியும்.

மேலோட்டமாக மேய்ந்த தடம் என்றால் விட்டுவிடுங்கள், பிரஷ் செய்தாலே பாதி மறையும். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற ஓட்டை என்றால், தோல் பட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் ஃபெல்ட்டை நெயில் கட்டரின் அரத்தால் சுரண்டிக் கொஞ்சம் துகள் எடுங்கள். 1941க்கு முந்திய தொப்பியில் இது வேண்டாம். ஓட்டைக்குப் பின்னால் டேப் ஒட்டி, ஊசி முனையளவு வெள்ளைப் பசை வைத்து, துகளை அழுத்தி நிரப்பி ஒருநாள் காயவிடுங்கள். பசை ஒரு சொட்டு கூடினாலும் அந்த இடம் பளபளக்கும். தலைப்பகுதியில் இது கண்ணுக்குத் தெரியாமல் போகும். விளிம்பில் இரண்டு பக்கமும் கண்ணில் படுவதால் முழுக்க மறைக்க முடியாது. விளிம்பில் மூன்று ஓட்டைக்கு மேல் உள்ள தொப்பியை, என்ன பெயர் போட்டிருந்தாலும், விலை கொடுத்து வாங்காதீர்கள்.